நல்ல நேரத்தில் எடுத்த நகல்

பாகூர் கடைத்தெருவில் தமிழ்க்குமரன் வைத்திருந்த கடையின் பலகையில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், பான் கார்டு எல்லாம் கீழே பொடி எழுத்தில் இருந்தன. மேலே கொட்டை எழுத்தில் ‘லினக்ஸ் கன்சல்டன்ட்’ என்று இருந்தது. பத்து வருடத்தில் அந்தக் கொட்டை எழுத்தைப் பற்றி விசாரித்தவர் ஒரே ஒருவர்தான்: செவிநூல் மன்றத்தின் தலைவர் நாகராஜன். அவரும் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்தான்.

கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கேட்கவைப்பது மன்றத்தின் வேலை. தலைவருக்குக் கரும்புக் கொல்லை இருந்தது, நேரம் இருந்தது, பொன்னாடை வாங்கித் தோள் பழகியிருந்தது. வாசிப்பதற்கு ஜோஸ்பின் இருந்தார். மடுகரையில் பால்வாடி வேலை முடிந்ததும் மதிய பஸ்ஸில் வந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க மைக் முன்னால் உட்காருவார். நான்கு வருடத்தில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை வாசித்து முடித்திருந்தார். வரைபடம் வந்தால் புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொந்தமாகச் சொல்வார்: “வலது கையக் கவுத்து மேசை மேல வெச்சுக்கோ. கட்டை விரல் பக்கம் அரபிக்கடல். சுண்டு விரல் பக்கம் நம்ம கடல்.”

அத்தனையும் மன்றத்தின் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தது தமிழ்க்குமரன். பிள்ளைகள் தட்டுத்தடுமாறக் கூடாது என்று, கம்ப்யூட்டரைப் போட்டதும் ஜோஸ்பின் குரலே கேட்கும்படி வைத்திருந்தான்: “வணக்கம். ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். பாடம் தொடங்குகிறது.” பென் டிரைவில் யாருக்கும் எதையும் ஏற்றித் தரக்கூடாது என்பது தலைவர் உத்தரவு. “மன்றத்தோட சொத்து. வெளியில போனா எவனாவது அவன் பேரப் போட்டுக்குவான்” என்பார். சுவரில் அதை எழுதியும் ஒட்டியிருந்தார், கீழே தன் பெயரோடு.

ஜோஸ்பின்தான் முதலில் கேட்டார். “தம்பி, எல்லாம் ஒரே டப்பாவுலதான் கீது. அது பூடுச்சின்னா?”

அதற்குத்தான் டிஸ்க் இமேஜ் என்று தமிழ்க்குமரன் ஒரு மணி நேரம் விளக்கினான். கோப்புகளை மட்டுமல்ல, அவை இருக்கும் பார்ட்டிஷனையே இருந்தது இருந்தபடி நகல் எடுக்கும் மென்பொருள். டிஸ்க் செத்தாலும் புது டிஸ்க்கில் அப்படியே உயிர்ப்பிக்கலாம். தலைவருக்கு மற்றது புரியவில்லை. உயிர்ப்பிப்பது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இத சும்மா செஞ்சிட முடியாதுபா. விழாவா வெச்சிடுவோம்.”

வெள்ளிக்கிழமை ஒன்பதரை முதல் பத்தரை வரை நல்ல நேரம் என்று காலண்டர் சொன்னது. முழு டிஸ்க்கையும் எடுக்க ஆறு மணி நேரம் ஆகும் என்று தமிழ்க்குமரன் சொன்னான். “ஆரம்பிச்சா போதும்ல?” என்றார் தலைவர். போதும்.

விழா அன்று வெளியே ஷாமியானா. நகல் எடுக்க வாங்கிய புது ஹார்ட் டிஸ்க் தாம்பாளத்தில் வெற்றிலை மேல் உட்கார்ந்திருந்தது. தலைவரின் மனைவி அமுதம் அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டதில், ஒயர் செருகும் துளை சிவந்துவிட்டது. தமிழ்க்குமரன் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தான். சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தபோது பத்து மணி. பேச்சு முடிந்தபோது பத்து பத்து.

தலைவர் அவன் காதருகே குனிந்தார். “தமிழு, ராகு காலம் வர்றதுக்குள்ள நூறு பர்சன்ட் காட்டிடணும். இவரு நூறப் பாத்துட்டுதான் போவாராம்.”

“இன்னாண்ணே நீங்க, ஆறு மணி நேரம்னு சொன்னேனே?”

“கன்சல்டன்ட்டுன்னு போர்டு போட்டு வெச்சிருக்க. ஒரு வழி இல்லியா?”

வழி இருந்தது. கம்ப்யூட்டரின் டிஸ்க் வீட்டைத் தடுத்தது போல இரண்டு பார்ட்டிஷனாக இருந்தது. சின்னதில் லினக்ஸும் தொடக்க வணக்கமும். பெரியதில் ஜோஸ்பினின் நான்கு வருடம். எவற்றை நகல் எடுக்க வேண்டும் என்று திரையில் கேட்டபோது தமிழ்க்குமரன் சின்னதை மட்டும் தேர்ந்தெடுத்தான். பெரியதை மத்தியானம் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். சத்தியமாக அப்படித்தான் நினைத்தான்.

ஏழு நிமிடத்தில் நூறு வந்தது. கைதட்டினார்கள். ஒருவர் தேங்காய் உடைத்தார். அவனுக்கும் ஒரு பொன்னாடை கிடைத்தது. வாழ்க்கையில் முதல் பொன்னாடை. அது தோளில் இருக்கும்போதே தலைவர் அந்த டிஸ்க்கைப் பட்டுத்துணியில் சுற்றி எடுத்துப்போய், தன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

மத்தியானம் எடுக்க வேண்டுமானால் அந்த டிஸ்க்கைத் திரும்பக் கேட்க வேண்டும். கேட்டால் எதற்கு என்பார். காலையில் கைதட்டியது காலி வீட்டுக்கு என்று சொல்ல வேண்டும். பொன்னாடையைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தான். வேறொரு டிஸ்க் வாங்கி ரகசியமாக எடுத்துவிடவும் நினைத்தான். அதற்கும் ஆறு மணி நேரம் மன்றத்தில் உட்கார வேண்டும், எதற்கு என்று யாராவது கேட்பார்கள். நாளை அடுத்த வாரமானது. அடுத்த வாரம் எட்டு மாதமானது.

அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள் ஜோஸ்பின் கடைக்கு வந்தார். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தது. குரல் கரகரத்தது. தொண்டையில் கட்டி, ஆபரேஷன் என்று சொன்னார். குரல்வளையையே எடுத்துவிடுவார்களாம்.

“பரவால்ல தம்பி. பேசுற வரைக்கும் பேசியாச்சு. வாசிச்சதெல்லாம் பத்திரமா கீதுல்ல?”

அப்போதும் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலமே உட்கார்ந்திருந்தால் இரவுக்குள் முடிந்திருக்கும். தமிழ்க்குமரன் சிரித்தான்.

“இமேஜே எடுத்தாச்சு கா. உங்க கொரலுக்கு இனிமே சாவே கெடையாது.”

ஜோஸ்பின் அவன் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். அவர் கடைசியாகப் பேசி அவன் கேட்டது அந்தக் கேள்விதான்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் மாதம் மன்றத்து டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டு செத்தது. தமிழ்க்குமரன் அதைச் சென்னைக்கே எடுத்துப்போனான். உள்ளே தட்டு முழுக்கக் கீறல், ஒன்றும் தேறாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்தபோது தலைவர் உற்சாகமாக இருந்தார். “இதுக்குத்தானே எடுத்து வெச்சோம்!” உயிர்ப்பிக்கவும் ஒரு நல்ல நேரம் பார்த்திருந்தார். நாற்காலிகள் வந்துவிட்டன.

சொல்லிவிடலாம் என்று தமிழ்க்குமரன் இரண்டு முறை வாயைத் திறந்தான். இரண்டு முறையும் யாரோ டீ கொடுத்தார்கள்.

பட்டுத்துணியிலிருந்து டிஸ்க் இறங்கியது. குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. முன்வரிசையில் ஜோஸ்பின், கழுத்தில் வெள்ளைத் துணி, மடியில் நாற்பது பக்க நோட்டு. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஹெட்போனோடு வெண்ணிலா. பிளஸ் டூ தனித்தேர்வு எழுதுகிறவள், அடுத்த மாதம் பரீட்சை. நூறு வந்தது. கம்ப்யூட்டர் எழுந்தது. கூடம் முழுக்கக் கேட்டது:

“வணக்கம். ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். பாடம் தொடங்குகிறது.”

ஜோஸ்பின் கழுத்தைத் தொட்டுக்கொண்டார். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. “பாத்தியாபா, பொழைச்சிடுச்சி!” என்று தலைவர் கண் கலங்கினார். அவருக்கு ஒரு பொன்னாடை போடப்பட்டது. அவர் அதைக் கழற்றித் தமிழ்க்குமரனுக்குப் போட்டார். போட்டோ எடுத்து முடித்ததும் எல்லோரும் பந்திக்குக் கிளம்பினார்கள்.

வெண்ணிலா ஹெட்போனை மாட்டிக்கொண்டு சொன்னாள். “சார், வரலாறு வைங்க. ரெண்டாவது பாடம்.”

அவன் ஃபோல்டரைத் திறந்தான். காலி. காலி என்று எட்டு மாதமாகத் தெரியும். இருந்தும் ஒரு முறை புதுப்பித்துப் பார்த்தான்.

ஜோஸ்பின் பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

“சின்னது மட்டும்தான் எடுத்தேன் கா” என்றான். “அன்னிக்கு நேரம் இல்ல. அப்புறம்…” அப்புறம் எட்டு மாதம் நேரம் இருந்தது. “நீங்க கேட்டப்பவும் எடுக்கல.”

ஜோஸ்பின் நோட்டைத் திறந்தார். திட்டி எழுதுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் பால்வாடிப் பிள்ளைகளுக்கு எழுதுவது போல உருண்டை எழுத்தில் எழுதி நீட்டினார்.

‘வரலாறு மட்டுமாவது?’

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். பொன்னாடை நழுவி விழுந்தது. எடுக்கக் குனியவில்லை. வெளியே தலைவர் குரல் கேட்டது: “எலையில உக்காருபா தமிழு, உனக்குத்தான் மொத எலை!”

வெண்ணிலாவுக்கு இது எதுவும் கேட்கவில்லை. காதை இறுக்க மூடியிருந்த ஹெட்போனோடு, வலது கையைக் கவிழ்த்து, விரல்களை விரித்து மேசை மேல் வைத்துக்கொண்டு, அவள் காத்திருந்தாள்.