தொலைபேசியில் இம்மாகுலேற்

எங்கள் வீட்டுத் தொலைபேசியில் பேசுகிற இம்மாகுலேற் நான் அல்ல. பெயர் மட்டும்தான் என்னுடையது, பேசுவது என் மகள் துஷ்யா. கவுன்சிலோ காஸ் கொம்பனியோ, யார் அழைத்தாலும் குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி, "யெஸ், ஸ்பீக்கிங்" என்பாள். நான் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. லண்டன் டூட்டிங்கில் எங்கள் ஆட்களின் வீடுகளில் பாதி இப்படித்தான் ஓடுகிறது. மேல்மாடி நாகேஸ்வரி அக்காவுக்கும் தொலைபேசியில் இவள்தான் நாகேஸ்வரி. ஜெர்மனியில் இருந்தபோதும் இவள்தான் எங்கள் வாய். அங்கே தோழிகளை விட்டுவரமாட்டேன் என்று அழுதழுது லண்டனுக்கு வந்தவள், அடுத்த வருடமே ஆங்கிலத்தையும் கரைத்துக் குடித்துவிட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இந்த வசந்தத்தில் என் வலது தோள் பிடித்துக்கொண்டது. நான் வேலை செய்வது ஒரு பெரிய லோன்றியில், சலவைச்சாலையில். நாள் முழுக்க ஈரப் போர்வைகளை உதறி இயந்திரத்தில் கொடுக்கவேண்டும். கை தலைக்கு மேலே எழும்ப மறுத்ததும், டொக்டரின் கடிதம் கொண்டுவந்தால் இலேசான பகுதிக்கு மாற்றுகிறேன், இல்லாவிட்டால் வீட்டில் நில் என்று சுப்பர்வைசர் சொல்லிவிட்டான்.

எங்கள் கிளினிக்கில் முதலில் நர்ஸ் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பார், பிறகுதான் டொக்டரைப் பார்க்கலாம். அந்த அழைப்பு வந்தபோது நான் ஷிப்டில் நின்றேன், எடுத்தது துஷ்யா. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் துஷ்யா சொன்னாள்.

"வியாழக்கிழமை அப்பொயின்ட்மெண்ட் அம்மா. நீங்க தனியத்தான் போகவேணும். எனக்கு அண்டைக்கு எக்ஸாம்."

"தனியவோ? மொழிபெயர்க்க ஒரு ஆளைக் கேட்டிருக்கலாமே, பிள்ளை."

"இவ்வளவு நல்லா இங்கிலீஷ் கதைக்கிற மனுசிக்கு ஏன் ஆள் தருவினம்?"

தொலைபேசியில் தண்ணீர் பட்ட பாடாய் ஆங்கிலம் பேசிய பெண், நேரில் போய் ஊமைபோல் நின்றால் டொக்டர் என்ன நினைப்பார்? கள்ளப் பேரில் பேசியிருக்கிறார்கள் என்று கிளினிக்கில் இருந்து பெயரையே வெட்டிவிட்டால்? அன்று இரண்டு தரம் சோற்றை அடிப்பிடிக்க விட்டேன்.

வியாழன் வரைக்கும் அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். ஆங்கிலத்தோடு எனக்கு எப்போதும் ஒரு சண்டை. எங்கள் மொழியில் 'வாறன்' என்றால் முடிந்தது கதை. வருவது நான்தான் என்று சொல்லின் வாலிலேயே இருக்கிறது. அந்த மொழியில் வினைச்சொல் மொட்டையாக நிற்கும். ஐ, யூ, ஷீ என்று யாரையாவது பிடித்து முன்னால் நிறுத்தினால்தான் அசையும். அதுவும் போதாதென்று நடுவில் கேன், மஸ்ட், வில் என்று ஒரு நாட்டாண்மை வந்து குந்திக்கொள்ளும்.

"ஐ கேன் வோக். ஷீ... ஷீ கேன்ஸ் வோக்."

"கேன்ஸ் எண்டு ஒண்டும் இல்லை அம்மா. ஐ கேன், யூ கேன், ஷீ கேன். ஆள் மட்டும்தான் மாறும், மிச்சம் எல்லாம் அப்பிடியே. இப்ப சொல்லுங்கோ. ஐ கான்ட் லிஃப்ட் மை ஆர்ம்."

"ஐ கான்ட் லிஃப்ட் மை ஆர்ம்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம். சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டபடியே கிடந்தது. சோதனைக் காலத்தில் படிக்கிற பிள்ளைகள் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

"நர்ஸ் வேறை என்ன கேட்டவ?"

"வழமையாக் கேக்கிறதுதான்," என்று கோப்பையோடு எழும்பிப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை கிளினிக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். டொக்டர் என் வயதுப் பெண். நான் கதிரையில் அமர்ந்த உடனேயே, மறப்பதற்கு முதல் கொட்டிவிட வேண்டும் என்று, "ஐ கான்ட் லிஃப்ட் மை ஆர்ம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஆனால் என் கையைப் பார்க்கவில்லை. கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, மேசையில் இருந்த டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். அது எனக்கு நல்லதாகப் படவில்லை. பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெல்ல மெல்லப் பேசினார்.

"யூ டோல்ட் த நர்ஸ், யூ கான்ட் ஸ்லீப்."

நித்திரையா? எனக்கா? நான் பஸ்ஸில் நின்றபடியே உறங்குகிற பிறவி.

"யூ கான்ட் ஈட். யூ க்ரை இன் த பாத்ரூம். யூ செட், ஐ கான்ட் கோ ஓன்."

அந்த 'இனி என்னால் ஏலாது' வரைக்கும் ஒரு சொல் விடாமல் விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம். முதலில் வந்தது கோபம்தான். எங்கள் ஆட்கள் கெதியாக டொக்டரைப் பார்ப்பதற்காகத் சளித் தடிமனைக் காய்ச்சல் என்றும், காய்ச்சலை நெஞ்சுநோ என்றும் ஏற்றிச் சொல்வது உண்டு. அதற்காகப் பெற்ற தாயைப் பைத்தியம் ஆக்குவதா? வீட்டுக்குப் போய் இவளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன் என்று பல்லைக் கடித்தேன்.

பிறகுதான் அந்தக் குளியலறை மனதில் இடறியது. பொய் சொல்கிறவள் ஏன் குளியலறையைச் சொல்லவேண்டும்? காலையில் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். "உள்ளுக்கை என்ன செய்யிறாய், பஸ் போகப்போகுது" என்று கதவில் தட்டிக் கத்தியவள் நான். உள்ளே நின்றவள் துஷ்யா.

டொக்டர் சொன்னது என்னைப் பற்றி அல்ல. உண்மையைச் சொன்னால் கள்ளப் பேரில் பேசியது வெளியில் வரும். வரட்டும். பெயரை வெட்டினால் வெட்டட்டும். கடிதமும் வேண்டாம், வேலையும் வேண்டாம்.

"நோட் மீ," என்றேன். "டெலிபோன், நோட் மீ. மை டோட்டர். ஷீ கான்ட் ஸ்லீப். ஷீ கான்ட் ஈட். ஷீ..." அதற்கு மேல் எந்த மொழியிலும் வரவில்லை.

டொக்டர் கோபிக்கவில்லை. என் கையைப் பிடித்து, அவளுக்கு என்ன வயது, இப்போது எங்கே என்று கேட்டார். பதினேழு, சோதனை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பாள் என்று ஒருமாதிரிச் சொன்னேன்.

"யூ மஸ்ட் பிரிங் ஹெர் டுடே. ஐ வில் வெயிட்."

வெளியே வந்து அவளுடைய போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வீட்டுக்கு அடித்தேன். அதையும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் மணி அடித்தால் ஓடிவந்து எடுக்கிற ஒரே ஆள் அவள்தான். என் மனுசன் கிறிஸ்துராஜா, பெற்றோல் ஸ்ரேசனில் கல்லாவில் நிற்பார், அவரைக் கூப்பிட்டும் பயனில்லை. அப்பர் டூட்டிங் ரோட்டில் பஸ் நகரமாட்டேன் என்று நின்றது. இறங்கி ஓடினேன். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் இல்லை. மரக்கறிக்கடை வாசலில் யாரோ "என்னக்கா?" என்று கேட்டதற்கும் நிற்கவில்லை. திறப்பைக் கதவில் போட்டுத் திருகி உள்ளே ஓடினேன்.

கட்டிலில் படுத்திருந்தாள். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. கண் திறந்துதான் இருந்தது. நான் கட்டில் ஓரத்தில் குந்தினேன்.

"கடிதம் தந்தவவோ?" என்று கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"இல்லை. நீ நர்ஸிட்டைச் சொன்னதை எல்லாம் டொக்டர் எனக்குச் சொன்னவ."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவள் முதுகில் கைவைத்தேன். அவள் சுவருக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"உங்கடை கை நோவைத்தான் சொல்ல வெளிக்கிட்டனான். அந்த மனுசி முதல்லை, ஹவ் ஆர் யூ ஃபீலிங் எண்டு கேட்டவ. நல்ல ஆறுதலாக் கேட்டவ. சொல்லிப்போட்டன்."

"ஏன் பிள்ளை என்ரை பேரிலை சொன்னனீ? உன்ரை பேரிலை சொல்லியிருக்கலாமே."

"என்ரை பேரைக் கேட்டு ஆர் அம்மா இந்த வீட்டுக்குப் போன் எடுக்கினம்?"

"எழும்பு துஷ்யா. டொக்டர் உன்னைப் பாக்க இருக்கிறா," என்றேன். கோட்டை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.