ஒற்றைச் சாவி

நல்லானுக்கும் மயிலாளுக்கும் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். சேர்ந்து உட்கார்ந்து டீ குடித்தது எத்தனை தடவை என்று கேட்டால் மயிலாளுக்குச் சிரிப்புத்தான் வரும். அவர் நிட்டிங் மெஷினில் நைட் ஷிப்ட். அவள் பனியன் கம்பெனியில் பகலெல்லாம் செக்கிங். வீட்டுக்கு ஒரே சாவி. காலையில் பஸ் ஸ்டாப்பில் அவள் அவர் கையில் கொடுப்பாள். சாயங்காலம் அதே இடத்தில் அவர் அவள் கையில் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை ஒன்று உண்டே என்பீர்கள். அது தண்ணீர்க் குடத்துக்கும் ரேஷன் கடைக்குமே சரியாகப் போய்விடும்.

தொண்ணூற்றாறில் அவளுக்கு வயிற்றில் புற்று முற்றி, டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஊருக்கு வெளியே நெருப்பெரிச்சல் கிராமத்துப் பக்கம் கன்னியாஸ்திரீ சிஸ்டர்மார் நடத்திய இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்தார் நல்லான். அங்கே வலி தெரியாமல் மருந்து கொடுத்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டார்கள்.

காலையில் ஷிப்ட் முடிந்து வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவார் நல்லான். பார்க்கப் பொறுக்காமல் ஒரு சிஸ்டர் பக்கத்திலேயே கட்டில் போட்டுக்கொடுத்தார். இந்த மனுஷன் குறட்டை விடுவதை மயிலாள் அப்போதுதான் ஆசைதீரப் பார்த்தாள். ஆசை எங்கே தீர்ந்தது? ஒரே ஒரு முழுப்பகல் அவர் விழித்துக்கொண்டு தன்னோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மனசு கிடந்து ஏங்கியது. வாய்விட்டுக் கேட்கவில்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, வேலைக்குப் போகும் வழியில் திரும்ப வருவார். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் சாவியை அவள் கையில் கொடுப்பார். அவளும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, காலையில் திருப்பிக் கொடுப்பாள். சாவி கையில் இருக்கும்வரை வீடு திரும்பிவிடுவோம் என்றொரு நினைப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தவர் வேலைக்குக் கிளம்பவில்லை. அங்கேயே படுத்துத் தூங்கி, காலையில் தெளிந்த முகத்தோடு எழுந்தார்.

"ஏனுங்க, ஷிப்மெண்ட் நேரத்துல லீவு குடுத்துட்டாங்களா?"

"அவிய எங்க குடுக்கறது? நானே எடுத்துக்கிட்டேன் அம்மிணி."

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, சிஸ்டர் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்தார். மயிலாளுக்கு இரண்டு மிடறுதான் இறங்கியது. அதுவே அமிர்தமாக இருந்தது.

"உங்க காதுல முடியெல்லாம் நரைச்சுப்போச்சுங்க."

"நீ மூக்குத்தியை எப்ப மாத்துனே?"

"அது ஆச்சுங்க ஆறு வருஷம்!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பகல் முழுக்க அப்படியே பேசித் தீர்த்தார்கள்.

சாயங்காலம் பக்கத்துக் கம்பெனியில் நைட் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. நல்லான் தன்னையறியாமல் எழுந்து, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். இன்றைக்கும் வேலைக்குப் போகவில்லை என்பதே மறந்துபோயிற்று.

மயிலாள் வாங்கவில்லை. அவர் விரல்களை மடக்கிச் சாவியை உள்ளேயே மூடினாள்.

"நீங்களே வெச்சுக்கங்க. ஊட்டுக்குப் போறது இனி நீங்கதானுங்க."

நல்லான் குலுங்கி அழுதார். அழட்டும் என்று விட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதும், பதினெட்டு வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"நாளைக்கும் லீவு போடறீங்களா?"