ஆபேலுக்கு வந்த கண்ணாடிகள்

ஆபேலின் கண்களில் எந்தக் கோளாறும் கிடையாது. ஓக் ட்ரீ ரோட்டின் இந்த முனையில் நின்றுகொண்டே அந்த முனையில் எந்தக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்குகிறார் என்று சொல்லிவிடுவான். ஆனாலும் 1991ஆம் வருஷக் கோடையில் அமெரிக்காவுக்கு விமானம் ஏறியதிலிருந்து அவனுக்கு மூக்குக்கண்ணாடிகள் வந்துகொண்டே இருந்தன. யாரும் அனுப்பவில்லை. எதையாவது வாசிக்கச் சொல்லி யாராவது நீட்டினால், "கண்ணாடிய மறந்து வச்சிட்டு வந்துட்டேன்" என்பான். சொல்லி வாயை மூடுவதற்குள் ஒரு கண்ணாடி வந்து சேர்ந்துவிடும். முதலாவது கண்ணாடி, விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு படிவத்தை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்டபோது, ஆக்சிஜன் முகமூடி தொங்க வேண்டிய இடத்திலிருந்து தொங்கியது. அந்த மனிதர் மேலும் கீழும் பார்த்துவிட்டு அதைக் கழற்றிக் கொடுத்தார். "இது நம்மது இல்லீங்க" என்று ஆபேல் மரியாதையாக மறுத்துவிட்டான். படிவத்தை அவரே நிரப்பினார்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. ஆபேலுக்கு வாசிக்கத் தெரியாது. ஆங்கிலம் மட்டுமல்ல, தமிழும்தான். எழுத்துப் படிக்க வேண்டிய வயதில் அவன் தூத்துக்குடித் துறைமுக கேண்டீனில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர், "பையன் பத்தாவது பாஸ்" என்று ஒரு போடு போட்டார். ஆபேல் தலையைக் குனிந்துகொண்டான். நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜெபராணிக்கு அந்த அடக்கம் பிடித்துப்போய்விட்டது. கல்யாணம் ஆகி, அவள் முதலில் நியூ ஜெர்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்து, மறு வருஷம் கணவனையும் வரவழைத்தாள். குனிந்த தலையை நிமிர்த்தி உண்மையைச் சொல்ல ஆபேலுக்கு வேளை வாய்க்கவேயில்லை. ஆரம்பத்தில் சொல்லாததை அப்புறம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும்.

வாசிக்கத் தெரியாதவன் அமெரிக்காவில் எப்படிக் காலம் தள்ளுவான் என்று கேட்கிறவர்கள் ஆபேலைப் பார்த்ததில்லை. பர்கர் கடையில் முன்னால் நிற்கிறவர் வாங்கி நகர்ந்ததும் "சேம்" என்பான். ஒரு தடவை முன்னால் நின்றது ஒரு பாப்பாவின் அம்மா என்பதால் பொம்மை டிராக்டரோடு வீட்டுக்கு வந்தான். பேங்கில் படிவம் நீட்டினால் சட்டைப் பையிலிருந்து பாண்டேஜ் சுருளை எடுத்து வலது கையில் சுற்றிக்கொள்வான். நர்ஸ் வீட்டில் அதற்கா பஞ்சம்! கார் ஓட்டக் கூப்பிட்டால் ஃபிரீவே என்றாலே தலை சுற்றுகிறது என்பான். வேலுமணி என்பவர் நடத்திய ஹோட்டலில்தான் அவனுக்குச் சமையல் வேலை. ஆர்டர் சீட்டுகள் அடுக்களைக்கு வரும். "சீட்டைப் பார்த்தா கை நின்னுபோகும் அண்ணாச்சி. சத்தமாக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்று முதல் நாளே சட்டம் போட்டுவிட்டான். அதனால் இன்ன மேஜைக்காரர் இன்னொரு வடை கேட்கிறார் என்பது தெருவரைக்கும் கேட்டது. சாப்பிட வந்தவர்கள் அது ஏதோ ஊர் வழக்கம் என்று ரசித்தார்கள். மசாலா டின்களையெல்லாம் ஆபேல் மூடியைத் திறந்து மோந்துதான் கண்டுபிடிப்பான். சளி பிடித்திருந்த ஒரு வாரத்தில் கஸ்டர்ட் பவுடர் சாம்பாருக்குள் போய்விட்டது. அதை ஒரு குஜராத்திக் குடும்பம் மறுநாளும் வந்து கேட்டதால் வேலுமணி விலை வைத்து மெனுவில் சேர்த்தார்.

கண்ணாடிகள் மட்டும் தொல்லையாக இருந்தன. தோசை மாவுக்குள் கிடந்தன. தொண்ணூற்றாறாம் வருஷத்துப் பெரும்பனியில் வாசலைச் சுத்தம் பண்ணும்போது, பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ நோட்டீஸை நீட்ட, ஆபேல் வழக்கமான பதிலைச் சொல்ல, மண்வாரியில் பனியோடு ஒன்று வந்தது. எல்லாம் ஒரே மாதிரி: மெல்லிய தங்க நிறக் கம்பி, சின்ன சட்டம். வேலுமணி அவற்றைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சோம்புக் கிண்ணத்தோடு ஒரு கூடையில் வைத்துப் பார்த்தார். போட்டுப் பார்த்தவர்களுக்கெல்லாம் தலைவலி வந்தது. ஜெபராணியும் வந்த புதிதில் ஒன்றை மாட்டிப் பார்த்து, எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று கழற்றிவிட்டாள். அதற்கப்புறம் வருகிறதையெல்லாம் துணி அலமாரியின் அடித்தட்டில் போட்டு வைத்தார்கள். எலியும் கரப்பானும் வருகிற வீடுகள் இருக்கின்றன, இந்த வீட்டுக்குக் கண்ணாடி வருகிறது, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள்.

"அடிக்கடி கண்ணாடி கண்ணாடின்னு சொல்லுதீங்களே, ஒரு தடவை செக் பண்ணிருவோம்" என்று ஜெபராணி அவனைக் கண் டாக்டர் குமாரசாமியிடம் இழுத்துப்போனாள். டாக்டர் சுவரில் எழுத்துப் பலகையைக் காட்டி, கீழ் வரியை வாசிக்கச் சொன்னார். ஆபேல் தெரியவில்லை என்றான். அதற்கு மேல் வரி? தெரியவில்லை. டாக்டர் ஒவ்வொரு வரியாக மேலே ஏறினார். உச்சியில் தோசைக்கல் அளவுக்கு ஒரே ஓர் எழுத்து. அதுவும் மங்கலாகத்தான் இருக்கிறது என்றான் ஆபேல். டாக்டர் திகைத்துப்போய், இந்த மனிதர் இங்கே வரைக்கும் எப்படி நடந்து வந்தார் என்று ஜெபராணியிடம் தனியாக விசாரித்தார். சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி ஒட்டிய மாதிரி ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ஆபேல் அதைப் போட்டுக்கொண்டு ஹோட்டலின் கண்ணாடிக் கதவில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டான். பிறகு நிம்மதியாக அதை எங்கேயோ மறந்து வைத்தான். இப்போது அவன் சொல்வதில் பொய்யே இல்லை.

வீட்டில்தான் அவனுடைய உண்மையான சாமர்த்தியம் இருந்தது. ஜெபராணிக்கு நைட் ஷிஃப்ட். அவன் திரும்பும்போது அவள் டியூட்டிக்குப் போயிருப்பாள். பிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் ஒரு சீட்டு தமிழில் எழுதி ஒட்டியிருப்பாள். அதில் என்ன இருக்கிறது என்று ஆபேலுக்குத் தெரியாது. அதனால் என்னவெல்லாம் இருக்கக்கூடுமோ அத்தனையையும் செய்துவிடுவான். துணி துவைத்து, மடித்து, கார்பெட்டை வேக்குவம் பண்ணி, குப்பையை வெளியே வைத்து, மறுநாளைக்கு மீன்குழம்பு வைத்து, அவளுடைய வெள்ளை ஷூவைத் துடைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஊரிலிருக்கும் மாமியாருக்கு ஒரு போனும் போட்டுவிடுவான். இதைக் கேள்விப்பட்ட சபைப் பெண்கள் தங்கள் கணவன்மாரைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். "ஆபேல் அண்ணனைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்று பிரீத்தா தன் கணவன் சாந்தகுமாரிடம் சொல்லாத ஞாயிறு இல்லை. சாந்தகுமாருக்கு ஆபேலைக் கண்டாலே ஆகாமல்போயிற்று.

சபை என்பது எடிசன் என்கிற ஊரில் ஓர் அமெரிக்க சர்ச்சின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிறு மத்தியானம் கூடுகிற தமிழ்ச் சபை. புது வருஷ ஆராதனையில் அங்கே ஒரு வழக்கம். ஒரு பெட்டி நிறைய வசன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் வந்து ஓர் அட்டையை எடுத்து எல்லாரும் கேட்கச் சத்தமாக வாசிக்க வேண்டும். அதில் வருவதுதான் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தம். முதல் வருஷம் ஆபேல் வசமாக மாட்டிக்கொண்டான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது மேய்ப்பனைப் பற்றிய வசனம் ஒன்றுதான். அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு அதை அப்படியே சொல்லிவிட்டு, அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மறு வருஷமும் அதையே சொன்னான். அதற்கு மறு வருஷமும். வருஷாவருஷம் ஒரே வீட்டுக்கு ஒரே வசனம் விழுகிறதே என்று சபை சிலிர்த்துப்போயிற்று. பாஸ்டர் அதை வைத்து ஒரு பிரசங்கமே பண்ணினார். வியாதிக்காரர்கள் ஆபேலிடம் வந்து ஜெபிக்கச் சொன்னார்கள். இன்னொரு வசனத்தைப் பாடம் பண்ணி வைத்துக்கொள்ளலாம் என்று அவனுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும் என்று இருந்துவிட்டான்.

2001ஆம் வருஷம் பிறந்தது. ஆபேல் வீட்டுக்கு முன்னால் சாந்தகுமார் வீட்டு முறை. சாந்தகுமார் எழுந்து போய், அட்டையை எடுத்து, வாசித்தான். மேய்ப்பன் வசனம்.

சபை மொத்தமும் திரும்பி ஆபேலைப் பார்த்தது. தன் வீட்டுப் பொருளைப் பக்கத்து வீட்டுக்காரன் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறவன்போல ஆபேல் உட்கார்ந்திருந்தான். அவன் எழாததைக் கண்டு ஜெபராணி தானே போய் அட்டையை எடுத்தாள். நாற்பதைத் தாண்டிய பிறகு அவளுக்குச் சின்ன எழுத்துகள் கொஞ்ச நாளாகவே ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தன. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பிறகு நேரே வந்து கணவனிடம் நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் பிடிபடல. நீங்க வாசிங்க."

"கண்ணாடிய மறந்து வச்சிட்டு வந்துட்டேன், ஜெபா" என்றான் ஆபேல்.

குழல்விளக்குக்குப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணாடி இறங்கி அவன் மடியில் விழுந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை, பத்து வருஷமாகப் பார்ப்பதுதானே. "அந்தா வந்துட்டுல்லா, போட்டுட்டு வாசிங்க அண்ணே" என்றான் சாந்தகுமார், பாவம், உதவியாகத்தான். ஜெபராணி காத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. ஆபேல் அந்த முகத்தைப் பார்த்தான். நாளைக்கு இந்த முகம் தன்னை எப்படிப் பார்க்கும் என்று நினைத்தான். இன்னொரு பொய்க்கு வாயைத் திறந்தான். அவனிடம் இருந்தவை எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தன.

"எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றான். "கண்ணுல ஒண்ணுமில்ல. எழுத்தே தெரியாது."

கீழ்த்தளத்தில் பிரியாணி அண்டாவின் மூடி தானாகக் குலுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பாஸ்டர் தன் பிரசங்கத்தை நினைத்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்த ஜலஜா ஆன்ட்டி, சனிக்கிழமை தமிழ் கிளாஸில் பிள்ளைகளோடு வந்து உட்காரலாம் தம்பி என்றார். ஜெபராணி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு காருக்கு நடந்தாள். அந்த வருஷம் அவர்கள் வீட்டுக்கு வாக்குத்தத்தம் இல்லாமலே போயிற்று.

வீட்டுக்கு வந்தும் அவள் கோட்டைக் கழற்றவில்லை. நேரே பிரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். காந்தம் மட்டும் ஒட்டியிருந்தது.

"அப்போ இதுல நான் எழுதினது ஒண்ணைக்கூட நீங்க படிக்கலியா?"

"ஒண்ணுகூட இல்ல."

"வந்த புதுசுல, உங்க கூட ரெண்டு நாளைக்குப் பேச மாட்டேன்னு எழுதி வச்சேன். நீங்க கறிக்குழம்பு வச்சு, என் ஷூவைத் தொடைச்சு வச்சிருந்தீங்க. இப்படி ஒரு மனுஷனான்னு நான் அழுதேங்க."

ஆபேல் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கு இந்த ஊர் வேண்டாம், நாம திரும்பிப் போயிருவோமான்னு ஒரு நாள் எழுதினேன். காலையில வந்து பார்த்தா திரைச்சீலையெல்லாம் துவைச்சு மாட்டி, வீடு பளபளன்னு இருக்கு. சரி, இவரு இங்கேயே இருக்கணும்னு முடிவு பண்ணிட்டாரு, வாயால சொல்லாம செஞ்சு காட்டுதாருன்னு நினைச்சேன். அதை நம்பித்தானே கிரீன் கார்டுக்கே அப்ளை பண்ணேன்!"

"திரை அழுக்கா இருந்துச்சு" என்றான் ஆபேல். அவனுக்கும் அழுகை வந்தது. "நீ என்ன எழுதியிருக்கேன்னு தெரியாது, ஜெபா. எதையும் விட்டுரக் கூடாதுன்னு எல்லாத்தையும் செஞ்சேன். ஒவ்வொரு நாளும் பயந்துகிட்டேதான் செஞ்சேன்."

ஜெபராணி நாற்காலியில் உட்கார்ந்தாள். இவ்வளவு காலமும் ஒரு பிரிட்ஜிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம் என்ற துக்கம் நெஞ்சுவரை வந்தது. அதோடு, திரும்பிப் போகலாமா என்ற கேள்விக்குத் திரைச்சீலை பதில் சொன்னதையும் நினைத்தாள். துக்கம் தொண்டைக்கு வந்து சேர்ந்தபோது சிரிப்பாகிவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், "முதல் நாளே சொல்லியிருக்கலாம்லா" என்று அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். ஆபேலுக்குப் பத்து வருஷத்தில் அவ்வளவு சுகமாக எதுவும் பட்டதில்லை.

மறுநாளிலிருந்து அவள் சீட்டில் படம் வரைந்து ஒட்டினாள். வாளி வரைந்தால் அவன் துணி துவைத்தான். மீன் வரைந்தால் குழம்பு வைத்தான். வரையாததைத் தொடவேயில்லை. குப்பை தேங்கியது, கார்பெட்டில் கால் ஒட்டியது, ஊரில் மாமியார், மருமகன் ஏன் போன் போடவில்லை என்று கவலைப்பட்டார். வாரம் முடிவதற்குள் ஜெபராணி படங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடியும் தமிழில் எழுதி ஒட்ட ஆரம்பித்தாள். ஆபேலும் மறுபடியும் எல்லாவற்றையும் செய்ய ஆரம்பித்தான். ஒன்று மட்டும் மாறியது. காலையில் டியூட்டி முடிந்து வந்ததும் அந்தச் சீட்டை அவளே எடுத்து அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் நாள் காலை. இட்லியும் தேங்காய்ச் சட்னியும் மேஜைக்கு வந்தன. ஜெபராணி சீட்டை எடுத்துத் தூரத்தில் பிடித்தாள், கிட்டே பிடித்தாள். தான் எழுதியதே தனக்குத் தெரியவில்லை. "நீங்களே வாசிங்க" என்று குறும்பாக அவனிடம் நீட்டினாள்.

"கண்ணாடிய மறந்துட்டேன்" என்றான் ஆபேலும், சிரித்துக்கொண்டே.

சட்னிக் கிண்ணத்துக்குள் ஒன்று விழுந்தது. ஜெபராணி அதை எடுத்துக் குழாயில் கழுவினாள். சேலை முந்தானையில் துடைத்தாள். சும்மா மாட்டிப் பார்த்தாள். எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று எழுந்து நின்றது. அலமாரிக்குப் போய் அடித்தட்டிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினாள். அதிலும் பளிச்சென்று தெரிந்தது. மூக்கில் உட்கார்ந்த இடமும் அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. சாகும்வரைக்கும் உடைத்தாலும் தீராது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, சட்னியில் விழுந்ததையே மறுபடி மாட்டிக்கொண்டு வந்தாள்.

"இட்லி ஆறுது, உட்காருங்க" என்றாள். "வாசிக்கேன்."