வஞ்சினம் பாடிய சக்கரம்

பூலோகநாதனின் கார் என் பட்டறைக்குள் நுழையுமுன் அதன் ஓலம் நுழைந்தது. முன்பக்க இடச் சக்கரத்தில், தாயைப் பிரிந்த கன்றின் குரல்போல் விடாமல் எழுந்த ஒலி.

கூலிம் நகரில் இதே தெருவிலுள்ள அவர் பட்டறையிலிருந்து நான் துரத்தப்பட்டு ஆறாண்டுகள் ஆகியிருந்தன. அங்கே திருகாணியை முறுக்கி முடித்தவன் அதன் தலையில் தனக்குரிய நிறப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது வழக்கம். என் நிறம் பச்சை. பள்ளி வேன் ஓட்டும் ரொகாயாவின் பிரேக் திருகாணி நடுவழியில் கழன்றபோது அதில் பச்சைப் புள்ளி இருந்தது. அந்த வேலை நடந்த நாளில் நான் தைப்பூசத்துக்குப் பால்குடம் சுமந்துகொண்டிருந்தேன். பூலோகநாதன் இதை அறிவார். ஆயினும் அந்த வேலையைச் செய்த தம் மகனைக் காக்க, எதிர்க் காப்பிக்கடையே கேட்கும்படி என்னைப் "பிள்ளைங்களக் கொல்லப் பாத்தவன்" என்றார். அன்றுமுதல் காலையில் பதிகம் ஓதும் என் நாவு ஒரு வஞ்சினத்தையும் சேர்த்தே ஓதிவந்தது.

"பிரேக் கட்டை மாத்துனதுலேருந்து அழுவுதுடா, தணிகை," என்றார் அவர். "பேரிங்கையும் மாத்திப் பாத்தாச்சு. போற எடமெல்லாம் சிரிக்கிறானுங்க."

"ஒங்க மகன் மாத்துனாரா?"

அவர் சாவியை என் பக்கம் தள்ளினார். நானே ஓட்டிப் பார்த்தேன். இடப்புறம் திருப்பினேன், வலப்புறம் திருப்பினேன், ஒலி மாறவில்லை. ஆகவே பேரிங் அன்று. பிரேக்கை மெல்ல மிதித்தேன், ஓலம் அடங்கியது. விட்டேன், மீண்டும் எழுந்தது.

சக்கரத்தைக் கழற்றியதும் குற்றம் வெளிப்பட்டது. கட்டை அமரும் பள்ளத்தின் துருவைச் சுரண்டாமல் சுத்தியலால் தட்டி இறக்கியிருந்தார்கள். தேய்மானத்தை எச்சரிக்கும் சிறு தகட்டு நாக்கு வளைந்து, சுழலும் வட்டில் உரசிக்கொண்டிருந்தது. அதற்கருகே, திருகாணித் தலையில், ஒரு பச்சைப் புள்ளி!

என் குருதி கொதித்தது.

"நான் அங்க இல்லாம ஆறு வருசம் ஆச்சு. பச்சைப் பேனாவ யாரு முதலாளி பிடிக்கிறது?"

அவர் முகம் வெளிறியது. "பையனுக்கு அப்பலேருந்து அதான் கைக்கு வரும்... பழசெல்லாம் எதுக்குடா இப்ப?"

"அதோ ரொகாயா அக்கா காப்பி குடிக்கிறாங்க. போய் அவங்ககிட்ட உண்மையச் சொல்லுங்க. வந்தோன்ன இந்தச் சத்தத்த நிறுத்தித் தரேன்."

"என்ன, மெரட்டுறியா?"

"இல்ல. எனக்கு வேண்டிய கூலியக் கேக்குறேன்."

அவர் மறுத்தார். நான் பள்ளத்தின் துருவை முற்றும் அகற்றிக் கட்டை தடையின்றி நகரும்படி செய்தேன். என் பகைக்காக எவர் உயிரும் ஊசலாடக்கூடாது. பிறகு அந்த நாக்கை வளைந்தபடியே விட்டுச் சக்கரத்தை மாட்டினேன்.

"பிரேக் நல்லாப் பிடிக்கும். சத்தம் மட்டும் ஒங்களோடது. வேற எவன்கிட்டயாவது காட்டுனா, அந்தப் பச்சைப் புள்ளியையும் சேத்துக் காட்டணும்."

கார் ஓலமிட்டபடி வெளியேறியது. எதிர்க்கடையிலிருந்து ரொகாயா கூவினார்: "ஏ பூலோகம்! டிக்கியில ஆடு ஏத்திட்டுப் போறியா, லா?" கடை முழுதும் சிரித்தது. அச்சிரிப்பு எனக்குத் தேனாய் இனித்தது.

பத்து நாள் அவ்வோலம் ஊரைச் சுற்றியது. காலையும் மாலையும் தெருமுனையில் அது எழும்போதெல்லாம் வேலையை நிறுத்திச் செவிகுளிரக் கேட்டேன். இரக்கம் பிறக்கவில்லை.

பதினோராம் நாள் அது காப்பிக்கடை வாசலில் ஓய்ந்தது. பூலோகநாதன் இறங்கி ரொகாயாவின் மேசையருகே தலைகவிழ்ந்து நின்றார். அவர் உதடுகள் அசைந்தன. ரொகாயா கோப்பையைக் கீழே வைத்து, தெருவுக்கு இப்பால் நின்ற என்னை நெடுநேரம் நோக்கினார். பின்பு அவரிடம் திரும்பினார்.

"அன்னிக்கு அவனத் திட்டுனது கடை பூரா கேட்டுச்சு. இது எனக்கே கேக்கல. இன்னொரு தரம் சொல்லு, சத்தமா!"

அவர் சொன்னார். கடையில் எவரும் சிரிக்கவில்லை.

நான் நாக்கை நிமிர்த்த இடுக்கியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.