இரண்டு மில்லிமீட்டர்

பூதக்கண்ணாடியை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அந்தப் பொட்டு பொட்டாகவேதான் தெரிந்தது. வரைவாளர் அம்மா கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் குனிந்தார். வரைபடத்தின் எட்டாவது தாளில், மஞ்சள் வண்ணமும் ஆரஞ்சு வண்ணமும் சந்திக்கும் எல்லையில், நேராக வந்துகொண்டிருந்த கறுப்புக் கோடு ஓரிடத்தில் எறும்பை விழுங்கிய புழுவைப் போல வீங்கி, பிறகு மெலிந்து, தன் வழியே போயிருந்தது. வீக்கம் சரியாக இரண்டு மில்லிமீட்டர். அவர் கையால் போட்ட கோடு. இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால்.

மஞ்சள் என்றால் மூன்று மாடிக்கு மேல் கட்டக் கூடாது. ஆரஞ்சு என்றால் பத்து மாடி வரை கட்டலாம். நகரம் எங்கே படுக்க வேண்டும், எங்கே நிமிர வேண்டும் என்று சொல்வது இந்த வண்ணங்கள்தான். வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஐந்து மீட்டர். அப்படியானால் இரண்டு மில்லிமீட்டர் மசியின் அடியில் பத்து மீட்டர் பூமி ஒளிந்துகொண்டிருக்கிறது. அந்தப் பத்து மீட்டரில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது ஒரு பழைய மர டிப்போ. அதன் அகலமும் பத்து மீட்டர்தான். டிப்போவை வாங்கியவர்கள் அங்கே ஒன்பது மாடி கட்ட மனுப் போட்டிருந்தார்கள். எதிர்த்த வரிசை வீட்டுக்காரர்கள் கூடாது என்று மனுப் போட்டிருந்தார்கள்.

"நீங்க போட்ட கோடு. நீங்களே சொல்லிடுங்க," என்றார் திட்ட அலுவலர். அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கையால் வரைந்த படத்தை அருங்காட்சியகப் பொருளைப் போல இரண்டு விரலால் தொடுபவர். "டிப்போ மஞ்சள்லயா, ஆரஞ்சுலயா? திங்கட்கிழமைக்குள்ள ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. விசாரணையில அதை வெச்சு முடிச்சுடலாம்."

"சார், அந்த எதிர்ப்புக் குழுவுக்குச் செயலாளரே என் அக்காதான். என் பொண்ணு அந்த ஒன்பது மாடியில வீட்டுக்குப் பேர் குடுத்திருக்கா. நான் எப்படி சார் சொல்றது?"

"ரெண்டு பக்கமும் ஆள் இருக்குல்ல? அப்போ சமமாத்தானே இருப்பீங்க." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "வேற யாரைம்மா கேட்கிறது? அன்னிக்குக் கூட இருந்தவங்க யாருமே இல்லை," என்றார்.

அது உண்மைதான். அளந்து குறித்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கம்ப்யூட்டரைக் கேட்கலாமென்றால், அதில் இருப்பதும் இதே படம்தான். பெரிதாக்கினால் பொட்டும் கூடவே பெரிதாகிறது.

பொட்டு எப்படி வந்தது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மசிப் பேனாவின் முனை ஊசியைப் போன்ற ஒரு குழாய். அதற்குள் இன்னொரு மெல்லிய கம்பி. பேனா நகர்ந்துகொண்டே இருந்தால் மசி அளவாக இறங்கும். நின்றால், தாள் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவார்கள்: மூச்சை நிறுத்தினாலும் நிறுத்து, பேனாவை நிறுத்தாதே. அன்றைக்கு அவர் நிறுத்தினார். அலுவலர் அறையில் இருந்த ஒரே தொலைபேசிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். யார், என்ன என்று கேட்க நிமிர்ந்தபோது பேனா தாளிலேயே ஊன்றி நின்றது. பிறகு சவர பிளேடால் சுரண்டிப் பார்த்தார். சுரண்டிய இடம் சொரசொரப்பாகி, மேலே போட்ட மசி இன்னும் பரவிவிட்டது. ஒரு சின்ன வீக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார். அந்த நாளில் டிப்போப் பக்கம் தவளைதான் குடியிருந்தது.

படத்தை விட்டால் இன்னும் ஒரே ஒரு சாட்சி இருந்தது. அளவுப் புத்தகம். அதில் அந்த இடத்துக்கு எழுதியிருந்தது ஒரே வரி: எல்லை, வாய்க்காலின் கிழக்குக் கரையிலிருந்து பன்னிரண்டு மீட்டர். வாய்க்கால் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்து எழுதியிருப்பார் அளந்தவர். வாய்க்கால் ஓடவில்லைதான். அதை மூடி, மேலே ஒன்பது மீட்டர் அகலத்தில் ரோடு போட்டுவிட்டார்கள். அந்தத் தண்ணீர் போகக் குழாய் பதித்தவர்கள் பழைய தடத்தில் பதிக்கவில்லை. வளைவை நேராக்கி வேறு தடத்தில் பதித்தார்கள். ரோட்டுக்கு அடியில் கரை எங்கே இருந்தது என்று எந்தக் கோப்பிலும் இல்லை.

ஆனால் கணக்கு எளிது. ஒரு மனைக்குள் எல்லைக்கோடு விழுந்தால், பாதிக்கு மேல் எந்த வண்ணத்தில் இருக்கிறதோ அந்த வண்ணம்தான் முழு மனைக்கும். எல்லைக்கு மேற்கே, வீட்டு வரிசைப் பக்கம் மஞ்சள்; கிழக்கே ஆரஞ்சு. அவர் ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்தார். பழைய கரை டிப்போவின் ரோட்டுப் பக்கச் சுவரிலிருந்து ஏழு மீட்டருக்குள் இருந்திருந்தால், டிப்போ மஞ்சள், மூன்று மாடி. ஏழைத் தாண்டி இருந்திருந்தால், ஆரஞ்சு. ஒன்பது மாடி எழும்பும். ஏழு என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். கரையைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், தன் மனசைக் கேட்க வேண்டியதில்லை. அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அளவு நாடாவையும் ஒரு சாக்குக்கட்டித் துண்டையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். மாடியில் இருபது முப்பது வெள்ளைப் போர்வைகள் வெயிலில் படபடத்துக்கொண்டிருந்தன. மூன்று விடுதிகளுக்கு அக்கா துணி வெளுத்துக் கொடுக்கிறாள். வாசலில் ஒரு தட்டி: 'எங்கள் வெயிலை எங்களுக்கே விடு.'

"வந்துட்டியா? வா வா. நல்லா அளந்துக்கோ," என்று அக்கா கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "காலையில ஏழு மணிக்கு அந்த டிப்போக் கூரைக்கு மேல சூரியன் வரும். ஒன்பது மாடி வந்துச்சுன்னா, எனக்குச் சூரியன் உதிக்கிறதே மத்தியானம்தான். காலையில தோய்ச்சதைச் சாயங்காலம் ஈரத்தோடவா குடுக்கிறது? மத்தவங்களுக்கு மெஷின் இருக்கு. எனக்கு வெயில்தான்டி மெஷின்."

"அக்கா, நான் வெயிலை அளக்க வரலை. வாய்க்காலோட கிழக்குக் கரையை அளக்க வந்திருக்கேன். எங்கே இருந்துச்சு, சொல்லு."

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. விறுவிறுவென்று ரோட்டில் நடந்து, முக்கால்வாசி தூரம் தாண்டி, டிப்போவுக்குக் கிட்டத்தில் நின்று காலால் தட்டினாள். "இங்கே. என் வாசலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவுல ரெண்டு கொடி கட்டித் துணி போடுவேன். அவ்வளவு இடம் இருந்துச்சு."

வரைவாளர் அம்மா குனிந்து சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டார். டிப்போச் சுவரிலிருந்து மூன்று மீட்டர் இருக்கும்.

நாடாவைப் பார்த்ததும் தெருவே கூடிவிட்டது. எதிர்ப்புக் குழுவின் தலைவர், ஓய்வாக இருக்கும் நேரத்தில் ஓயாமல் பேசுவதால் ரேடியோ மாமா என்று பெயர் பெற்றவர், கைத்தடியோடு வந்து இன்னொரு இடத்தைக் காட்டினார். "கரை இங்கேம்மா. நான் தினம் பல் தேய்ச்சுத் துப்பின இடம் எனக்குத் தெரியாதா?"

"அது மேற்குக் கரை மாமா. நீங்க துப்பினது உங்க வீட்டுப் பக்கம்தானே?"

"இல்லியே, நான் எட்டித் துப்புவேன்!"

கூட்டம் சிரித்தது. ஒருத்தி மின்கம்பத்தை அடையாளம் சொன்னாள். கம்பத்தையே இரண்டு முறை மாற்றி நட்டிருக்கிறார்கள் என்றான் இன்னொருத்தன். அரை மணி நேரத்தில் ரோட்டில் ஒன்பது பெருக்கல் குறிகள் இருந்தன. எல்லாவற்றையும் இணைத்தால் அது வாய்க்காலே இல்லை, பாம்பு. அத்தனை பேரும் அந்தத் தண்ணீரில் கால் நனைத்தவர்கள். யாரும் பொய் சொல்வதாகவும் தெரியவில்லை. இத்தனை வருஷம் கோடு போட்டுச் சம்பளம் வாங்கியவருக்கு, ஒரு கோடு என்றால் என்ன என்பதே அப்போது பிடிபடாமல் போயிற்று.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவிலிருந்து மகள் இறங்கினாள், இடுப்பில் ஐந்து மாதக் குழந்தையோடு. பெரியம்மாவுக்கும் அவளுக்கும் இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கை மட்டும் தன்னிச்சையாக நீண்டு குழந்தையை வாங்கிக்கொண்டது.

"என்ன இளைச்சுப்போச்சு பிள்ளை?" என்று குழந்தையைப் பார்த்துக் கேட்டாள்.

"தூக்கமே இல்லை பெரியம்மா. பிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவுல படுக்க வெச்சிருக்கேன். பிரிட்ஜ் உறுமும்போதெல்லாம் முழிச்சுக்கிறா. ரெண்டே ரூம், ஏழு பேர்." மகள் தலையை உயர்த்தி மாடியில் ஆடும் போர்வைகளைப் பார்த்தாள். "உங்க வெயிலை எடுக்கணும்னு எனக்கு ஆசையா? எனக்கு ஒரு கதவு வேணும் பெரியம்மா. உள்ளே போய்ச் சாத்திக்க ஒரு கதவு."

வரைவாளர் அம்மா சாக்குக்கட்டியை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணில் எந்தக் கண் வேண்டும் என்று கேட்டால்கூட ஒன்றைச் சொல்லிவிடலாம் போலிருந்தது.

மகள்தான் குறிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "எதுக்கும்மா இத்தனை? நான் விழுந்த இடத்தை அளந்தா போதுமே."

"எங்கே விழுந்தே?"

"மறந்துட்டீங்களா? ஆறு வயசுல. பெரியம்மா வீட்டு வாசல்லேர்ந்து வாய்க்காலைத் தாண்டுறேன்னு குதிச்சு, அந்தப் பக்கத்துக் கரைக் கல்லுல தாடை இடிச்சுத் தண்ணியில விழுந்தேனே." அவள் முகத்தை உயர்த்தித் தாடைக்குக் கீழே இருந்த வெள்ளைத் தழும்பைத் தொட்டுக் காட்டினாள். "அந்தப் பக்கத்துக் கல்லுன்னா கிழக்குக் கரைதானே?"

வரைவாளர் அம்மா அந்தத் தழும்பையே பார்த்தார். அன்றைக்கு வந்த தொலைபேசி அதுதான். பாப்பா வாய்க்காலில் விழுந்துவிட்டாள், ரத்தம் நிற்கவில்லை, உடனே வா. அவர் வந்து சேர்ந்தபோது குழந்தையை விடுதிப் போர்வையில் சுற்றி அக்கா மடியில் வைத்திருந்தாள். விழுந்த இடத்தை அவர் பார்க்கவே இல்லை.

"அக்கா," என்றார் மெதுவாக. "அன்னிக்கு நீ போன் பண்ணினப்போ நான் இந்தக் கோட்டைத்தான் போட்டுக்கிட்டிருந்தேன். இதே இடத்தை. பேனாவை எடுக்காம நின்னுட்டேன். அதான் பொட்டு விழுந்துடுச்சு."

அக்கா புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள். "அப்போ தப்பு என் போன்லயா?"

"என் தாவல்லதான்," என்றாள் மகள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. மூவருமே சிரித்துக்கொண்டிருந்தார்கள், ரேடியோ மாமா ஒன்றும் விளங்காமல் "என்னம்மா, என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்து பார்த்தார்கள். மகள் வாசல்படியிலிருந்து இறங்கி, ஆறு வயதுக்காரியின் கால் அளவை நினைத்துக்கொண்டு, "இங்கேதான், வாசலை ஒட்டியே," என்றாள். அக்கா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "போடி, நான் கொடிக்கு அந்தப் பக்கம் ஓடி வந்து உன்னைத் தூக்கினேன். நாலு எட்டு," என்று எட்டு வைத்துக் காட்டினாள். "நாலு எட்டுன்னா அப்போ உங்களுக்கு இடுப்பு வலி இல்லை பெரியம்மா, வேகமா ஓடியிருப்பீங்க." "அதுவும் சரிதான்." அக்கா ஒரு எட்டு வாசல் பக்கம் வந்தாள். மகள் அரை எட்டு டிப்போப் பக்கம் போனாள். தன் தட்டிக்கு எதிராகத்தான் நடக்கிறோம் என்பது அக்காவுக்கு நினைவில்லாதது போலிருந்தது. தன் கதவை விட்டு விலகுகிறோம் என்பது மகளுக்கும். அந்தச் சின்னத் தாடை எந்தக் கல்லில் இடித்தது என்பது மட்டுமே அப்போது அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. கடைசியில் இருவரும் ஒரே இடத்தைக் குனிந்து பார்த்தார்கள். "இங்கே," என்றாள் மகள். "இங்கேதான்," என்றாள் அக்கா. பத்தாவது பெருக்கல் குறி விழுந்தது.

மகள் நாடாவைக் குறியின் மேல் பிடித்துக்கொண்டாள். அக்கா குழந்தையை இடக்கையில் அணைத்தபடியே போய், டிப்போச் சுவரில் அதன் பூஜ்ய முனையை வைத்தாள். கண்ணால் பார்த்தாலே தெரிந்தது, ஏழுக்கு இந்தப் பக்கம் ஒரு விரல் அல்லது அந்தப் பக்கம் ஒரு விரல்.

இருவர் பிடித்த நாடா எப்போதும் நடுவில் தொய்யும். எவ்வளவு லேசான நாடாவானாலும் அதற்கும் ஓர் எடை உண்டு. தொய்ந்தால் உள்ள தூரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். இறுக்கி இழுத்தால் குறையும். அளவுக்கு மேல் இழுத்தால் நாடாவே கொஞ்சம் நீண்டு, அதுவும் பொய்யாகும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்று அளப்பவர்தான் சொல்ல வேண்டும்.

"சொல்லுங்கம்மா, இழுக்கவா?" என்றாள் மகள்.

"விடவா?" என்றாள் அக்கா.

வரைவாளர் அம்மா எண்ணைப் படிப்பதற்காக மகளின் காலடியில் முழங்காலிட்டார். காற்று வீசியது. மாடியில் போர்வைகள் எல்லாம் ஒரே நேரத்தில் உப்பின. குழந்தை அக்காவின் கையிலிருந்து எம்பி, இல்லாத பல்லால் நாடாவைக் கவ்வப் பார்த்தது. நடு ரோட்டில் நாடா மெல்ல மேலும் கீழும் ஆட, சிவப்பில் எழுதியிருந்த ஏழு என்ற எண் சாக்குக்கட்டிக் குறியைத் தொடுவதும் விலகுவதுமாக இருந்தது.