தண்ணீர் ஊற்றாத ஒன்பது நாட்கள்

உலைக்குள் எங்கள் எரிபொருள் மின்கலம், சட்டைப் பொத்தான் அளவுதான், எழுநூறு டிகிரியில் சிவந்து கனவு கண்டுகொண்டிருந்தது. அதற்குத் தீனி சமையல் எரிவாயு. வாயு ஒரு குடுவைத் தண்ணீருக்குள் குமிழிட்டு, ஈரமாகித்தான் உள்ளே போக வேண்டும். வாயு உலர்ந்தே உள்ளே போனால் கலத்தில் கரி அப்பி, ஒரே நாளில் கதை முடிந்துவிடும்.

கரி ஒட்டாமலிருக்க இந்த முறை புதிதாக ஒரு பூச்சு. யோசனை என் கணவருடையது. கலத்தை உலையில் வைத்த அன்று "வெட்டி வேலை" என்றேன். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது; ஆய்வகத்திலும்தான்.

ஒன்பதாம் நாள் மதியம் குடுவையைப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. பதறிப்போய் நானே வாயைத் திறந்தேன்.

"நீங்க முதல் நாள்கூட ஊத்தலையா?"

"நீ ஊத்தறேன்னுல்ல நெனச்சேன்!"

இருவரும் கணினித் திரையிடம் ஓடினோம். மின்னழுத்தக் கோடு, காற்றில்லாத ஏரியைப் போல, ஒன்பது நாளும் துளிகூட இறங்காமல், முதல் நாள் உயரத்திலேயே அசையாமல் கிடந்தது. ஜன்னல் வெயிலில் தூசிகூட இறங்க மனமில்லாமல் மிதந்தது.

குடுவையை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் திரும்பினேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"வேண்டாம். இன்னும் ஒரு வாரம் பேசாமலே இருந்து பாப்போமா?"