அழிச்சு நோக்கணம்

சுடலைமுத்துவின் அம்பாசடருக்கு வாய் முளைத்துவிட்டது என்று மட்டாஞ்சேரி ஜெட்டி டாக்ஸி ஸ்டாண்டில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவர் வருவதற்கு முன்னால் அவர் வண்டியின் சத்தம் வந்துவிடும். தகர டப்பாவில் கொட்டைப்பாக்கைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம். பஜார் ரோட்டில் மிளகு மூட்டை இறக்குகிறவர்கள் தலையைத் திருப்பாமலே வழிவிட்டார்கள்.

ஊர் சிரிப்பது அவருக்குப் பெரிதில்லை. வீட்டில் மனைவி மாயம்மாள் சொன்னதுதான் முள்ளாய்த் தைத்தது.

"வியாழக்கிழமை ஆலப்புழைக்குப் போயி வீரலட்சுமியைக் கூட்டிட்டு வரணும். ஒம்பது மாசம் ஆகப் போவுது. அந்தக் கடகட வண்டியில எம்பொண்ணு உக்கார மாட்டா. உக்காந்தா வழியிலயே பெத்துருவா."

"பின்ன நடத்தியா கூட்டிட்டு வரச் சொல்லுதே?"

"எந்தம்பி வண்டி இருக்குல்லா. புதன்கிழமைக்குள்ள ஒங்க வண்டி வாயை மூடலைன்னா நான் அவனைக் கூட்டிட்டுப் போயிருவேன்."

தம்பி என்றால் பிச்சைமணி. அதே ஸ்டாண்டு, அவனுக்கும் ஒரு அம்பாசடர். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு நாள் சுடலைமுத்துவின் வண்டியை இரவல் வாங்கிப் போனான். திரும்பி வந்தபோது ஹாரன் ஊமையாகியிருந்தது. அன்றிலிருந்து அந்த ஸ்டீயரிங்கில் வேறு மனிதன் கை பட்டதில்லை. பெற்ற மகளைத் தலைப்பிரசவத்துக்கு அவன் வண்டியில் கூட்டிவருவதா? முப்பது வருஷமாக ஊரார் மகள்களையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன வண்டி இது.

திங்கட்கிழமை தோப்பும்படி வொர்க்‌ஷாப்புக்குப் போனார். சேவியர் மேஸ்திரி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"எந்தா சேட்டா பிரச்னம்?"

"சத்தம் வருது."

"எவிடெ? எப்போழ்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே ஒங்கிட்ட வந்திருக்கேன்."

எங்கே, எப்போது என்று வாயைத் திறந்து சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு இல்லாததையும் பொல்லாததையும் மாட்டிவிடுவார்கள் என்பது சுடலைமுத்துவின் கணக்கு. நாடியைக் கொடுக்காமல் வைத்தியனைச் சோதிக்கிற மனுஷன்.

மேஸ்திரி கையைத் துடைத்தார். "எங்கில் ஃப்ரண்ட் முழுவன் அழிச்சு நோக்கணம். பின்னெ அடியும் அழிக்கணம்."

மலையாளத்தில் அழிச்சு நோக்குவதென்றால் கழற்றிப் பார்ப்பது. கொச்சியில் முப்பது வருஷம் சாயா குடித்தவருக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் அந்தச் சொல் அவர் காதில் தமிழாகத்தான் விழும். முன்பொரு தடவை வேறொரு வொர்க்‌ஷாப்பில் இப்படித்தான் அழிச்சு நோக்கினான் ஒருவன். திரும்ப மாட்டி முடித்தபோது நாலு போல்ட்டு மிச்சம் கிடந்தது. அதைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, "இது எக்ஸ்ட்ரா" என்று கையில் கொடுத்தான்.

"நீ அழிச்சு நோக்குவே. நான் அழிஞ்சு போவேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை முழுக்கத் தானே தேடினார். பள்ளத்தில் விட்டுப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். ஓட்டுகிறவன் காதுக்கு எல்லாச் சத்தமும் தன் காலுக்கடியிலிருந்து வருகிற மாதிரிதான் இருக்கிறது. வெளியே இறங்கிக் கேட்கலாம் என்றால் வண்டி நிற்கிறது. வண்டி நின்றால் சத்தமும் நிற்கிறது. தன் பல்லைத் தானே பிடுங்கப் போன கதையாயிற்று.

புதன்கிழமை காலை, வேறு வழியில்லாமல், பிச்சைமணியின் முன்னால் போய்ச் சாவியை நீட்டினார்.

பிச்சைமணி சாவியையும் பார்த்தான், அவர் முகத்தையும் பார்த்தான். "அத்தான், ஒடம்பு சொகமாத்தானே இருக்கு?"

"லேய், பேசாம ஏறு. நடக்கிற வேகத்துல ஓட்டு. ரெண்டாவது கியருக்கு மேல போனே, கையை ஒடிச்சிருவேன். ஹாரன்ல கை வைக்கப்படாது."

"அது இன்னும் மறக்கலையா?"

சுடலைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்பக்கத்து இடது மட்கார்டின்மேல் ஏறி உட்கார்ந்தார். ஒரு கை பானெட்டைப் பிடித்திருந்தது. மறு கையை மட்கார்டின்மேல் விரித்து வைத்து, காதைச் சாய்த்துக்கொண்டார்.

வண்டி பஜார் ரோட்டில் ஊர்ந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை ஊர்வலமோ சேட்டா? பெண்ணு எவிடெ?"

"பெண்ணு ஆலப்புழையிலே!" என்று உள்ளேயிருந்து பிச்சைமணி கூவினான்.

"வாயை மூடுலே. காது கேக்கலை."

முதல் பள்ளம் வந்தது. கடக். சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் உள்ளங்கையில் வந்து குத்தியது. அடுத்த பள்ளம். கடக். அதே இடம். இடது சக்கரத்துக்கு நேர்மேலே. வலது பக்கம் மாறி உட்கார்ந்தார். அதே மாதிரிப் பள்ளந்தான், கையில் ஒன்றுமில்லை.

கொஞ்ச தூரம் தார் நன்றாக இருந்தது. வண்டி வாய் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஜூ டவுன் திருப்பத்தில் சுக்கு ஏற்றிய கைவண்டி ஒன்று குறுக்கே வந்தது. பிச்சைமணி நிறுத்தினான். கைவண்டி போனதும் கிளச்சை விட்டான். டங்.

மட்கார்டில் இருந்த கைக்கு அந்தச் சத்தம் தெரியவேயில்லை. காதுக்கு மட்டும் தெரிந்தது. பின்னாலிருந்து, வண்டியின் வயிற்றுக்கடியிலிருந்து வந்தது.

"நிறுத்து. திரும்பவும் எடு."

டங்.

"மறுபடியும் நிறுத்தி எடு."

டங்.

சுடலைமுத்து குதித்து இறங்கினார். அறுபத்தோரு வயசுக்காரர் குதிக்கிற குதியா அது! "ரெண்டுலே! ஒரு சத்தம் இல்லலே, ரெண்டு சத்தம்! பள்ளத்துல ஒண்ணு, கெளப்பும்போது ஒண்ணு. ரெண்டும் கூட்டுச் சேந்துக்கிட்டு என்னை ஏமாத்திருக்கு!"

ஓரமாக நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டார்கள். சுடலைமுத்து அடியில் புகுந்து, கியர்ப் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் முறுக்கினார். இணைப்பில் இருந்த கிராஸ் என்கிற இரும்புச் சிலுவை, ஆடுகிற பல்லைப்போல ஆடியது. முன்னால் வந்து மட்கார்டை அமுக்கி அமுக்கி விட்டார்கள். இடது ஷாக் அப்சார்பரைப் பிடித்திருந்த ரப்பர் தேய்ந்து, இரும்போடு இரும்பு மோதிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் தோப்பும்படி. இந்தத் தடவை அவரே சொன்னார்: "மேஸ்திரி, பள்ளத்துல விழுந்தா முன்னால எடப்பக்கம் கடக். கிளச்சை விட்டா அடியில டங். அந்த ரப்பர், அந்த கிராஸ். ரெண்டை மட்டும் அழிச்சு நோக்கு. மூணாவது எதையும் தொடப்படாது."

சேவியர் மேஸ்திரி தலையிலடித்துக்கொண்டார். "என்றெ சேட்டா, இது திங்களாழ்ச பறஞ்ஞிருந்தெங்கில் ஒரு மணிக்கூர் பணியல்லே உள்ளூ!"

திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் ஒரு மணி நேர வேலைதானாம். சுடலைமுத்து பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கழற்றிய போல்ட்டுகளை வரிசையாக எண்ணிக்கொண்டிருந்தார். மாட்டும்போதும் எண்ணினார். சரியாக இருந்தது. அதிலும் ஏதோ சூது இருக்கலாம் என்று இன்னொரு தடவை தரையைத் தடவிப் பார்த்தார்.

வியாழக்கிழமை அவரே ஆலப்புழைக்கு ஓட்டிப் போனார். மாயம்மாள் பின்னால், பிச்சைமணி பக்கத்தில். சம்பந்தி வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது யாருக்கும் தெரியவில்லை. இறங்கிப் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. சுடலைமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

திரும்பும்போதுதான் அவருக்கு ஒரு சந்தேகம். காலி வண்டி சத்தம் போடாமல் இருக்கும். பிள்ளைத்தாய்ச்சி, பெட்டி, பலகாரத் தூக்கு எல்லாம் ஏறினபிறகும் வாயை மூடிக்கொண்டு வருமா? ஓட்டுகிறவனுக்கு அது தெரியாதே.

சாவியை மச்சினன் கையில் கொடுத்தார். "மெதுவாப் போ. நான் இந்தப் பக்கம் உக்காந்து சத்தம் கேட்டுட்டு வாரேன்."

தன் வண்டியின் இடது சீட்டில் அவர் உட்கார்வது அதுதான் முதல் தடவை. ஜன்னலில் கையை வைத்தார். காதைச் சாய்த்தார். பள்ளங்கள் வந்தன, போயின. கேட்க ஒன்றுமேயில்லை. உப்புக்காற்று முகத்தில் அடித்தது.

சேர்த்தலை தாண்டியிருக்கும். பின்சீட்டில் சாய்ந்திருந்த வீரலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, முன்னாடி எடப்பக்கம் ஏதோ கடகடன்னு சத்தம் கேக்குதே?"

மாயம்மாள் எட்டிப் பார்த்தாள். சுடலைமுத்துவின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது, கண் மூடியிருந்தது, வாய் திறந்திருந்தது.

"அது பழைய சத்தம்டி. நாப்பது வருஷமா கேக்குதேன். சேவியர் மேஸ்திரி வந்தாலும் அழிக்க முடியாது."

பிச்சைமணி சிரித்துக்கொண்டே வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தான். எதிரே மாடு வந்தபோதும் ஹாரனைத் தொடவில்லை.